நாற்பத்தேழா, எழுபத்துநாலா?

டீசல் தட்டுப்பாடு முடிந்து அடுத்த வருடம், பள்ளிக்கூட விடுமுறையில் நடந்த சம்பவம் இது. இடம், வட்டகொடை ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் எங்கள் தோட்டம். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பெயர் வேண்டாம். எங்கள் பக்கம் வந்து "லொறிக்கார டீச்சர் வீடு எது?" என்று கேட்டால் யாரும் கையைக் காட்டுவார்கள்.

லொறி என் வீட்டுக்காரருடையது. ஜப்பானில் ஓடித் தேய்ந்து, கப்பலேறி இங்கே வந்து, இன்னும் இரண்டு பேரிடம் கைமாறி எங்களிடம் வந்து சேர்ந்த பழைய லொறி. தோட்டத்து ஆட்கள் தங்கள் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றியுள்ள துண்டு நிலங்களில் போடும் லீக்ஸ், கோவா என்கிற முட்டைக்கோஸ், கரட் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவார். அவருக்கு அதுதான் தொழில். வேறு தொழில் தேடி அவர் எங்கேயும் போகாமல் இருந்ததற்கும் அந்த லொறிதான் காரணம்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் யார் எந்தக் கேனில் டீசல் கொண்டுவந்தாலும் வாங்கி ஊற்றினோம். அதில் தண்ணீர் இருந்ததோ மண்ணெண்ணெய் இருந்ததோ, அப்போது யார் பார்த்தார்கள்? அதன் பலன் பிறகு வந்தது. காலையில் ஸ்டார்ட் எடுக்கவே அரைமணி நேரம். எடுத்தால் புகை. ஏற்றத்தில் இழுவை இல்லை, இன்ஜினில் இரும்பை இரும்பால் தட்டுகிற சத்தம். பக்கத்து லயத்துக்காரர் ஒருநாள் வாசலில் நின்று, "டீச்சர், இனிமே கொசுவுக்குப் புகையடிக்க பிஎச்ஐ ஐயா வரத் தேவையில்லீங்க, உங்க லொறியே போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

அவருடைய கூட்டாளி ஒருவர் கட்டாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறார். அவர் மூலமாக ஓர் ஏஜென்சியின் தொடர்பு கிடைத்தது. "இத வித்துத் தள்ளிட்டு ரெண்டு வருசம் போயிட்டு வாறேன்" என்று ஆரம்பித்தார். பாஸ்போர்ட் எடுத்தார். அவர் அந்தப் பேச்சை எடுக்கும் போதெல்லாம் நான், "இன்ஜெக்டர மாத்திப் பாருங்க, எல்லாம் சரியாயிரும்" என்பேன். "மாத்தி என்னத்துக்கு?" என்பார். அத்தோடு பேச்சு நின்றுவிடும். எட்டு மாதம் இப்படியே போனது.

என் வகுப்பில் முப்பது பிள்ளைகள். குடும்பத்தைப் படமாக வரையச் சொன்னால் அதில் நாலைந்து பேர் அப்பாவை ஒரு செல்போனுக்குள் வரைவார்கள். கட்டத்துக்குள் ஒரு தலை, அவ்வளவுதான். அந்தப் படங்களுக்கு நான் சரி போட்டு நட்சத்திரமும் போடுவேன். எங்கள் மகளும் அப்படி ஒரு படம் வரையும் நாள் வந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு இருந்தது. ஆனால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

விடுமுறை தொடங்கியதும் மெடிக்கல் எடுக்கவும் ஏஜென்சி வேலையைப் பார்க்கவும் அவர் கொழும்புக்குப் போனார். திரும்பிவர நாலாவது நாள் ஆகும். அந்த மூன்று நாளுக்குள் லொறியைச் சரியாக்கிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். லொறி ஓடினால் மனிதர் நிற்பார் என்பது என் கணக்கு. அவரிடம் கேட்டுச் செய்தால் வேண்டாம் என்பார், அதனால் சொல்லவில்லை.

தலவாக்கலையில் வழக்கமாக எங்கள் லொறியைப் பார்க்கும் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் நாலு இன்ஜெக்டரையும் கழற்றிப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "இதுதாங்க டீச்சர் டீசல இன்ஜினுக்குள்ள பூந்தூறலா அடிச்சி விடுறது. இப்ப பைப்பு மாதிரி ஊத்துது. கினிகத்தேனையில இதுக்குன்னே ஒரு பாஸ் இருக்காரு. அவருக்கு அனுப்பி, அவர் என்னா நம்பர் சொல்றாரோ அத வாங்கிட்டு வாங்க. மாட்டுறது என் பொறுப்பு."

எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்தவரைச் சிங்களவர்கள் பாஸ் என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். கொழும்பு பஸ் கினிகத்தேனை வழியாகத்தான் போகிறது. கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்து, பாஸுக்குப் போன் பண்ணி பஸ் நம்பரைச் சொன்னால் போதும், அவர் ரோட்டில் வந்து எடுத்துக்கொள்வார். மருந்தும் துணியும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டும்கூட மலையகத்தில் இப்படித்தான் போய் வருகின்றன. எங்கள் இன்ஜெக்டர்களும் அன்றே அப்படித்தான் போயின.

பாஸுடன் நான் சிங்களத்தில் பேசினேன். கினிகத்தேனையில் கராஜ் வைத்திருப்பவர் சிங்களவராகத்தான் இருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவரும் "ஹலோ, கவுத?" என்று சிங்களத்தில்தான் எடுத்தார். என் சிங்களத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சமல்ல, நிறையவே உண்டு. தோட்டத்துக்குச் சிங்களத்தில் வரும் கடிதங்களை, அது பிரதேச செயலகத்திலிருந்து வந்தாலும் பொலிஸிலிருந்து வந்தாலும், என்னிடம்தான் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வார்கள். பாஸிடமும், டீச்சர் என்று சொல்லிக்கொண்டு, இலக்கண சுத்தமாகப் பேசினேன். அவர் ரொம்ப மரியாதையாக, நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார்.

மறுநாள் பத்து மணிபோல அவரே கூப்பிட்டார். நாலும் போய்விட்டன, தண்ணீர் பட்டு உள்ளே துருப்பிடித்திருக்கிறது, சுத்தம் செய்து பயனில்லை, நாலையும் முழுதாக மாற்ற வேண்டும் என்றார். கண்ட கண்ட போலிக் கொப்பி சாமான் வாங்காமல் ஜப்பான் ஒரிஜினலாக வாங்கச் சொன்னார். பிறகு எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான நம்பரைச் சொன்னார். கடைசி இரண்டு இலக்கம் முக்கியம், அதை மட்டும் மாற்றி எடுத்துவிட வேண்டாம் என்று அழுத்திச் சொல்லிவிட்டு அந்த இலக்கத்தையும் சொன்னார்: "ஹத்தலிஸ் ஹத்த."

இங்கே கொஞ்சம் சிங்களம் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்களத்தில் நாலுக்கு ஹத்தர, ஏழுக்கு ஹத்த. அதோடு விட்டால் பரவாயில்லை. நாற்பதுக்கு ஹத்தலிஹ, எழுபதுக்கு ஹெத்தேவ. அதாவது ஏழின் சத்தம் நாற்பதுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. சிங்களம் கற்கும் தமிழர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இந்தக் குழியில் விழுவார்கள். நான் அதைத் தாண்டி எத்தனையோ வருடமாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குக் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, லைனும் விட்டு விட்டு வந்தது. காதில் 'ஹத்த' என்று விழுந்ததும் கை ஏழு என்று எழுதிவிட்டது. முன்னால் ஏழு வந்துவிட்டால், பின்னால் லைனில் அறுந்து வந்த 'ஹத்த...' ஹத்தரவாக, நாலாகத்தானே இருக்க வேண்டும்? எழுபத்துநாலு.

திருப்பி ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்டால் என் சிங்களம் மட்டம் என்று நினைத்துவிடுவாரே என்று கேட்கவில்லை. படம் எடுத்து அனுப்பச் சொல்லலாமென்றால் அவரிடம் இருந்தது பட்டன் போன்.

அன்றே ரயிலேறி ஹட்டனுக்குப் போனேன். உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் அவர் நானா, என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். கண்ணாடி மேசைமேல் மூன்று விதமான பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று கொப்பி, பெட்டி மட்டும் பளபளப்பு. ஒன்று ஜப்பானில் கழற்றிச் சுத்தம் செய்து அனுப்பியது. ஒன்று புத்தம் புது ஒரிஜினல். நான் ஒரிஜினலையே கேட்டேன். என் துண்டுச் சீட்டைப் பார்த்ததும் அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"டீச்சர், உங்கட லொறிக்கு வழமையா நாப்பத்தேழு தானே போறது?"

"பாஸ் சொன்னாருங்க. நான் எழுதி வச்சிருக்கேன்."

"இல்ல, எழுபத்துநாலும் வாறது தான். பார்வைக்கு ரெண்டும் ஒண்டு. ஆனா அது வேற இன்ஜினுக்கு... எதுக்கும் ஒருக்கா கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டுத்தாங்க எழுதினேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொம்பளை வந்து இன்ஜெக்டர் வாங்குகிறாள், இவளுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறார் என்று பட்டது. பாவம், அவர் அப்படி நினைக்கவேயில்லை. "பாஸ் சொன்னா சரிதான், சில லொறிக்கு இன்ஜின் மாத்தித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்லி நாலு பெட்டியையும் பையில் போட்டுக் கொடுத்தார். ரயிலில் அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் மெக்கானிக் வந்து மாட்டினார். இரண்டும் பார்வைக்கு ஒன்று என்று நானா சொன்னது உண்மைதான், மெக்கானிக்குக்கும் சந்தேகம் வரவில்லை. சாவியைத் திருப்பினார், ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்தது. தட்டுச் சத்தம் இல்லை. லயத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு என்னமோ நானே அந்த இன்ஜினைச் செய்தது போல இருந்தது.

நாலாவது நாள் காலை ரயிலில் வீட்டுக்காரர் வந்து இறங்கினார். மெடிக்கல் சரியாகிவிட்டது, ஒரு மாதத்தில் விசா வந்துவிடும் என்றார். நான் லொறிச் சாவியை எடுத்து நீட்டினேன். ஸ்டார்ட் பண்ணியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இறங்கி வந்து இன்ஜினைப் பார்த்தார், திரும்ப ஏறி உட்கார்ந்து அக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார். "யாரு செஞ்சது?" என்றார். "நான்தான், பாஸ் ஒருத்தரக் கேட்டு" என்றேன். அவர் முகத்தில் எட்டு மாதமாக இல்லாத ஒரு சிரிப்பு வந்தது. கீழ் லயத்தில் கோவா வெட்டி வைத்துக்கொண்டு லொறிக்காகக் காத்திருந்தார்கள். தேத்தண்ணியைக்கூட முழுதாகக் குடிக்காமல், மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது கறுப்பாகக் கொஞ்சம் புகை வந்தது. பழைய அழுக்கு வெளியே போகிறது என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

லொறி போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பாஸ் கூப்பிட்டார். பழைய இன்ஜெக்டர்களைத் திருப்பி பஸ்ஸில் போட்டு அனுப்பவா என்று கேட்டார். அப்படியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, புதியதை மாட்டியாகிவிட்டது, வேலை பிரமாதம், நீங்கள் சொன்ன அதே நம்பர்தான் என்று, என் அழகான சிங்களத்தில், இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துச் சொன்னேன்: "ஹெத்தே ஹத்தர."

அந்தப் பக்கத்திலிருந்து "ஐயோ, நான் நாப்பத்தேழுல்ல சொன்னேன்" என்று ஒரு குரல்.

தமிழ். அதுவும் எங்கள் தோட்டத்துத் தமிழ். எனக்கு ஒரு நிமிடம் வேறு யாரோ லைனில் வந்துவிட்டார்களோ என்றிருந்தது.

"நீங்க தமிழா?" என்று கேட்டேன்.

"நீங்களும் தமிழாங்க டீச்சர்? நான் வட்டவளைப் பக்கத்து ஆளு. உங்க சிங்களத்தக் கேட்டு நான் பயந்து பயந்துல்ல பேசிக்கிட்டு இருந்தேன். அதப் பொறவு பேசுவோங்க, வண்டி எங்க?"

"லோடு ஏத்திட்டு இப்பதான் மேல போறாரு."

"நிப்பாட்டச் சொல்லுங்க. அது பெரிய இன்ஜினுக்குப் போறது, டீசல கூட ஊத்தும். வெறும் வண்டிக்கு ஒண்ணும் தெரியாது. லோடோட ஏத்தத்துல இழுத்தா பிஸ்டன் உருகிரும். அப்புறம் இன்ஜினயே தூக்கி வீச வேண்டியதுதான்."

போனை வைத்துவிட்டு வீட்டுக்காரருக்கு அடித்தேன். ஏற்றத்தில் இன்ஜின் சத்தத்துக்குள் போன் சத்தம் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? மூன்று தடவை அடித்துவிட்டு வெளியே ஓடினேன்.

எங்கள் தோட்டத்து ரோட்டு ஏழு வளைவு வளைந்து பெரிய ரோட்டுக்கு ஏறுகிறது. நடந்து போகிறவர்களுக்குத் தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது. லொறி ஐந்தாவது வளைவில் முக்கிக்கொண்டு போவதும் அதன் பின்னால் புகை கறுப்பாக நிற்பதும் கீழிருந்தே தெரிந்தது. வீட்டுச் செருப்போடு ஏறினேன். படிக்கல்லில் பாசி. பாதி தூரத்தில் வழுக்கி முழங்கால் அடிபட விழுந்தேன். ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. எழுந்தால் மூச்சு வரவில்லை. பாதையின் ஓரத்தில் அன்றைக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அருகில் நின்ற ஓர் அக்கா கூடையோடு ஓடிவந்து பிடித்தாள்.

"என்னா டீச்சர், என்னா ஓட்டம் இது?"

"லொறி... நிப்பாட்டணும்" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. மேலே திரும்பி வாயில் கையை வைத்து ஒரு சத்தம் கொடுத்தாள். அதற்கு மேல் நிரையில் நின்றவள் அதை வாங்கி இன்னும் மேலே கொடுத்தாள். நிரை நிரையாகச் சத்தம் மலையேறிப் போனது. ஏழாவது வளைவுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ரோட்டில் இறங்கிக் கையை விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். லொறி நின்றது. இன்ஜின் சத்தம் அடங்கியது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அவர் குறுக்குப் பாதையில், தேயிலை காலைக் கிழிப்பதைக்கூடப் பார்க்காமல் இறங்கி ஓடிவருவது தெரிந்தது. எனக்கு விளங்கவில்லை. லொறியை நிப்பாட்டச் சொன்னால் இவர் ஏன் இப்படி ஓடி வருகிறார்? பிறகுதான் தெரிந்தது, கீழே 'டீச்சர் நிப்பாட்டச் சொல்றாங்க' என்று கிளம்பிய செய்தி, மேலே போய்ச் சேரும்போது 'டீச்சர் விழுந்துட்டாங்க' என்றாகியிருக்கிறது. நான் உண்மையாகவே விழுந்திருந்ததால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

என் முன்னால் வந்து நின்றவரின் முகத்தை அதற்கு முன்பு நான் அப்படிப் பார்த்ததில்லை. என் முழங்காலைப் பார்த்தார், என் கையைப் பிடித்தார். இன்ஜெக்டர், நம்பர், பிஸ்டன் எல்லாவற்றையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"போகாதீங்க" என்றேன்.

"எங்க, டவுனுக்கா?"

"கட்டாருக்கு."

அவர் அப்படியே என் பக்கத்தில் படிக்கல்லில் உட்கார்ந்தார். கொழுந்தெடுத்தவர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்போது அவர் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது.

"இத ஏன் நீ மொதல்லயே சொல்லல? நான் போனா ஒனக்கு ஒண்ணுமில்லன்னுல்ல நெனச்சேன். எப்பக் கேட்டாலும் இன்ஜெக்டர மாத்து, இன்ஜெக்டர மாத்துன்னே சொல்லிக்கிட்டு இருந்த."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவா மூட்டைகள் வேறொரு லொறியில் போயின. ஹட்டன் நானா, "நான் சொன்னேன் தானே டீச்சர்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிச் சிரித்துவிட்டு நாற்பத்தேழை மாற்றிக் கொடுத்தார். மறுநாள் யாரும் கூப்பிடாமலே பாஸ் கராஜைப் பூட்டிவிட்டு பஸ்ஸேறி வந்துவிட்டார். மெக்கானிக்கோடு சேர்ந்து இன்ஜினின் தலையைத் திறந்து பார்த்து, பிஸ்டன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கரி மட்டும்தான் பிடித்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தார். நம்பரைத் தமிழில் ஒரு தடவை சொல்லாதது தன் பிழை என்று அவரும், திருப்பிக் கேட்காதது என் பிழை என்று நானும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். இத்தனை வருடமாக அந்தக் கராஜுக்கு வரும் தமிழர்களில் பாதிப்பேர் தன்னோடு சிங்களத்தில்தான் பேசுகிறார்களாம், அவரும் சிங்களத்திலேயே பதில் சொல்லி அனுப்பிவிடுவாராம்.

வீட்டுக்காரர் போகவில்லை. விசா வந்ததும் ஏஜென்சிக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லொறி ஓடுகிறது. பழைய லொறி, நாளைக்கே வேறொன்று போகலாம், அப்போது வேறு பேச்சு வரலாம். வந்தால் பேசிக்கொள்வோம்.

தமிழ் தெரிந்த ஒரு மனிதரோடு மூன்று நாள் சிங்களத்தில் பேசி நம்பரைத் தவறவிட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரே வீட்டில், ஒரே தமிழில், "போகாதீங்க" என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல் எட்டு மாதம் புகையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேனே, அதை நினைக்கும்போது மட்டும் சிரிப்பு வருவதில்லை.